சும்மாதானே கெடக்குது?

பதிவு எழுதி ஆறேழு மாசம் ஆச்சு. எழுத மேட்டர் இல்லாம இல்ல, பொட்டி தட்டுற பொழப்புல நேரம் கிடைக்கல. இன்னிக்கு எழுத வச்சவரு என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர். அவருக்கு நன்றி சொல்றதா, நாலு திட்டு திட்டுறதான்னு படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க.

மேட்டர் இதுதான். போன வாரம் மதியம் சாப்பிடும்போது போன்ல ஒரு படம் காட்டினார். மொராக்கோ நாட்டுல சகாராவை ஒட்டி வர்சசாத்னு ஒரு ஊரு. அங்க இருக்குற நூர் சூரிய வெப்ப மின்நிலையம். கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் கண்ணாடி, நடுவுல உசரமா ஒரு கோபுரம், கோபுரத்து உச்சியில சூரியனையே புடிச்சு கட்டி வச்ச மாதிரி ஒரு வெளிச்சம். பார்க்க நிஜமாவே பிரமாதமா இருந்துச்சு. நானும் வாயைப் பொளந்துதான் பார்த்தேன். அப்புறம் அவர் சொன்னார் பாருங்க ஒரு வார்த்தை:

"பாஸ், உங்க தருமபுரிப் பக்கமெல்லாம் இதே மாதிரி பாலைவனம்தானே? சும்மாதானே கெடக்குது? அங்க இப்படி ஒண்ணு கட்டிட்டா தமிழ்நாட்டுக்கே கரண்ட் பிரச்சினை தீர்ந்துடுமே!"

அதுக்கப்புறம் எனக்கு சோறு இறங்கல. கோவம் அவர் மேல இல்லைங்க. அவர் நல்ல மனுஷன், நாடு நல்லா இருக்கணும்னு நினைக்கிறவர். கோவம் அந்த "சும்மாதானே கெடக்குது" மேல. ரெண்டு வருஷம் முன்னாடி பென்னாகரம் பக்கத்துல எங்க சித்தப்பா வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு புரோக்கர் சொன்னதும் அச்சு அசலா இதே வார்த்தைதான். அந்தக் கதைக்குப் பின்னாடி வர்றேன். முதல்ல கண்ணாடிக்கு வருவோம்.

கண்ணாடி கெட்டதா?

இல்லவே இல்ல. எனக்கு இந்த டெக்னாலஜி மேல பகை கிடையாது, சொல்லப்போனா காதல்தான். வழக்கமான சோலார் பேனல் வெளிச்சத்தை நேரா மின்சாரமா மாத்துது. இது வேற. கண்ணாடியால வெயிலை ஒரே இடத்துல குவிச்சு, எண்ணெயையோ உருக்குன உப்பையோ சூடாக்கி, அந்தச் சூட்டுல தண்ணியை நீராவி ஆக்கி டர்பைனைச் சுத்த வைக்குறது. அனல் மின்நிலையம் மாதிரியேதான், நிலக்கரி இருக்குற இடத்துல சூரியன். அந்த உப்பு என்னன்னு கேட்டீங்கன்னா சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கலந்தது. ரெண்டாவது நம்ம ஊர் உரக்கடையிலயே கிடைக்குற சரக்கு. கோபுரம் வச்ச நிலையத்துல இதை 565 டிகிரி வரைக்கும் சூடாக்கி பெரிய தொட்டியில ரொப்பி வச்சுக்கிறாங்க. சூரியன் மறைஞ்ச பிறகும் அந்தச் சூட்டை வச்சு ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் மின்சாரம் எடுக்கலாம். ராத்திரியிலயும் சூரிய மின்சாரம். இது சாதாரண விஷயம் இல்ல, ஒத்துக்கிறேன்.

இன்னொரு சுவாரசியமும் இருக்கு. இந்த வித்தை நேத்து வந்தது இல்ல. 1870-கள்ல வில்லியம் ஆடம்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர், பம்பாய் ஹைகோர்ட்ல உத்தியோகம் பார்த்தவர், சின்னச் சின்ன தட்டைக் கண்ணாடிகளை வரிசையா வச்சு, வெயிலை ஒரு கொதிகலன் மேல திருப்பி, நீராவி எடுத்து பம்பு ஓட்டிக் காட்டினார். 1878-ல் அதைப் பத்தி புத்தகமும் போட்டார். அப்புறம் 1913-ல் ஃபிராங்க் ஷூமன்னு ஒரு அமெரிக்கர், எகிப்துல கெய்ரோ பக்கத்துல மாடிங்கற இடத்துல தொட்டி மாதிரி வளைச்ச கண்ணாடிகளை வச்சு நைல் நதித் தண்ணியை வயலுக்கு இறைச்சார். அடுத்த வருஷமே முதல் உலகப்போர் வந்து கதை முடிஞ்சுபோச்சு.

ரெண்டு பேரும் முதல்ல செஞ்சது என்ன? தண்ணி இறைச்சாங்க! விவசாயிக்கு வேண்டியதைச் செஞ்சாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

பாலைவனம்னா என்ன, காய்ஞ்ச ஊருன்னா என்ன?

சின்ன வயசுல பூதக்கண்ணாடி வச்சு பேப்பர் கொளுத்தி விளையாடியிருப்பீங்க. நல்லா சுள்ளுனு அடிக்கும்போது குபீர்னு பத்திக்கும். லேசா ஒரு மேகம் குறுக்க வந்தா? வெளிச்சம் என்னமோ நல்லாத்தான் இருக்கும், பேப்பர் பத்தாது. அவ்ளோதாங்க விஷயம். சோலார் பேனலுக்கு சிதறுன வெளிச்சம் வந்தாலும் ஓரளவுக்கு வேலை நடக்கும். கண்ணாடிக்கு நேர்க்கதிர் வேணும். மேகம், ஈரப்பதம், தூசிப் புகை எது குறுக்க வந்தாலும் கண்ணாடி கை விரிச்சுடும். அதனாலதான் இந்த நிலையங்களை எல்லாம் பாலைவனத்துல கட்டுறாங்க. இடம் காலியா இருக்குங்கறதுக்காக மட்டும் இல்ல, வானம் காலியா இருக்குங்கறதுக்காக.

தருமபுரி வானம் அப்படியா? ஜெய்சல்மேர்ல வருஷத்துக்கு சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. தருமபுரியில சராசரியா 800 மில்லிமீட்டருக்கு மேல. தென்மேற்கும் கொஞ்சம், வடகிழக்கும் கொஞ்சம்னு ரெண்டு பருவமழையும் தொட்டுட்டுப் போற ஊரு எங்க ஊரு. ஜூன்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் மேகம் வந்து வேடிக்கை காட்டும். பெய்யுறது வேற விஷயம். (மேகம் வந்தும் பெய்யாத கடுப்பு எங்களுக்குத்தான் தெரியும்!)

எங்க ஊரு வறட்சியான ஊருதான், மறுக்கல. ஆனா வறட்சி வேற, பாலைவனம் வேற. நம்ம முன்னோர் பாலையைத் தனி நிலமாவே வைக்கல, முல்லையும் குறிஞ்சியும் காய்ஞ்சு கெட்டா அதுதான் பாலைன்னாங்க. பள்ளிக்கூடத்துலயே படிச்சோமே. அதாவது பாலைங்கறது ஒரு நிலைமை. மழை வந்தா திரும்பிடும். அதுக்கு மேல 28 வருஷத்துக்கு கண்ணாடியைக் கவுத்து வச்சா திரும்புமா?

நம்ம நாட்டுலயே நடந்த கதை

"சும்மா எதிர்க்காதப்பா, முயற்சி பண்ணிப் பார்த்தாத்தானே தெரியும்"னு சொல்வீங்க. பண்ணிப் பார்த்தாச்சுங்க.

2010-ல் தேசிய சூரிய மின் இயக்கம் ஆரம்பிச்சாங்க. அந்த வருஷக் கடைசியில ஏலம் விட்டு, 7 கண்ணாடி நிலையங்களுக்கு மொத்தம் 470 மெகாவாட் ஒதுக்கினாங்க. யூனிட் பத்தரை ரூபாயில இருந்து பன்னெண்டேகால் ரூபாய் வரைக்கும் விலை. முடிஞ்சது எத்தனை தெரியுமா? மூணே மூணு. ராஜஸ்தான் நோக்ல கோதாவரி கிரீன் எனர்ஜியோட 50 மெகாவாட் 2013-ல். தூர்சர்ல ரிலையன்ஸ் 2014-ல். ஆந்திராவுல அனந்தப்பூர் மாவட்டத்துல மேகா இன்ஜினியரிங் 50 மெகாவாட், அதுவும் 2014-ல். மிச்சம் நாலும் கரை சேரல.

ஏன்? காரணம் பல. ஆனா முக்கியமான ஒண்ணு கேளுங்க. எவ்ளோ நேர்க்கதிர் விழுதுன்னு தரையில அளந்த கணக்கு நம்மகிட்ட சரியா இல்லாமயே ஏலம் விட்டாங்க. செயற்கைக்கோள் கணக்கை நம்பி டெண்டர் போட்டாங்க. பிறகு தரையில கருவி வச்சுப் பார்த்தா, நினைச்சதைவிட கம்மி! சென்னை பள்ளிக்கரணையில இருக்குற மத்திய அரசின் காற்றாலை மின்சக்தி நிறுவனம், இப்போ தேசிய காற்றாற்றல் நிறுவனம்னு பேரு, 2011-ல் தான் நாடு முழுக்க 51 அளவை நிலையம் வைக்குற வேலையில இறங்குச்சு. பொண்ணு பார்க்குறதுக்கு முன்னாடியே பத்திரிகை அடிச்ச கதை. தார் பாலைவனத்துலயே கணக்கு இடிக்குதுன்னா, மேகம் மேயுற எங்க ஊருல என்ன ஆகும்?

இதுக்கு நடுவுல பேனல் விலை சரிஞ்சு தரைக்கு வந்துடுச்சு. 2017-ல் ராஜஸ்தான் பட்லாவுல சோலார் பேனல் மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போச்சு. பத்து ரூபாய் எங்க, ரெண்டரை ரூபாய் எங்க.

உலக அளவுலயும் பார்த்துடுவோம்

அமெரிக்காவுல நெவாடா பாலைவனத்துல கிரசன்ட் டியூன்ஸ்னு 110 மெகாவாட் உப்புத்தொட்டி நிலையம். 2015-ல் ஓட ஆரம்பிச்சு, 2016-ல் தொட்டி ஒழுகி மாசக்கணக்குல நின்னு, 2019-ல் மின்சாரம் வாங்குன கம்பெனியே ஒப்பந்தத்தை முறிச்சு, 2020-ல் திவால் மனு. அரசாங்கம் உத்தரவாதம் குடுத்த கடன் மட்டும் 737 மில்லியன் டாலர்.

கலிபோர்னியாவுல மொஹாவே பாலைவனத்துல இவான்பா. 2014-ல் திறந்தாங்க. 3,500 ஏக்கர், மூணு கோபுரம், 392 மெகாவாட். குவிஞ்ச வெயில்ல பறவைங்க இறக்கையோட கருகி விழுந்தது உலகமே பேசுச்சு. காலையில கொதிகலனைச் சூடேத்த இயற்கை எரிவாயு வேற எரிக்கணும். 2025 ஜனவரியில அங்க மின்சாரம் வாங்குற பி.ஜி. அண்ட் இ. கம்பெனி, ஒப்பந்தத்தை முன்னாடியே முடிச்சுக்கப் போறதா அறிவிச்சு, முடிக்கலாமா கூடாதான்னு அங்க பெரிய பஞ்சாயத்து ஆச்சு.

நண்பர் காட்டுன அந்த மொராக்கோ கோபுரம் இருக்கே, நூர்-3, அதுவும் 2024-ல் உப்புத்தொட்டி ஒழுகி மாசக்கணக்குல நின்னுச்சு. அந்த ஃபார்வர்டுல இதெல்லாம் வராது. போட்டோ மட்டும்தான் வரும்!

நியாயமா ஒண்ணு சொல்லிடணும். எல்லாமே தோல்வின்னு நான் சொல்லல. கலிபோர்னியாவுல 1980-கள்ல கட்டுன எஸ்.இ.ஜி.எஸ். நிலையங்கள் முப்பது வருஷம் ஓடுச்சு. சீனாக்காரன் துன்ஹுவாங் பாலைவனத்துல 100 மெகாவாட் கோபுரம் கட்டி 2018-ல் இருந்து ஓட்டுறான். வானம் சுத்தமா இருந்து, காசும் இருந்து, ராத்திரி மின்சாரத்துக்கு நல்ல விலையும் கிடைச்சா, இந்தக் கண்ணாடி வேலை செய்யும். என் கேள்வி, அது எங்க ஊருக்கு எதுக்கு?

இப்ப தண்ணிக்கு வருவோம்

இங்கதாங்க எனக்கு வயிறு எரியுது. நீராவியில ஓடுற எந்த நிலையமா இருந்தாலும் அந்த நீராவியைத் திரும்பக் குளிர வைக்கணும். தண்ணியில குளிர வச்சா, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணி ஆவியா போயிடும். 50 மெகாவாட் நிலையம் வருஷத்துக்கு 10 கோடி யூனிட் எடுக்குதுன்னு வச்சுக்கோங்க. 30 கோடி லிட்டர் தண்ணி. கண்ணாடி கழுவுறது தனி.

கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர்னு அரசாங்கமே கணக்கு வச்சிருக்கு. அந்தக் கணக்குப்படி 30 கோடி லிட்டர்ங்கறது சுமார் 15,000 பேருக்கு ஒரு வருஷத் தண்ணி. ஒரே ஒரு சின்ன நிலையத்துக்கு!

மொராக்கோவுல எப்படி சமாளிக்கிறாங்க? நூர்-1க்கு மன்சூர் எத்தஹ்பி அணையில இருந்து தண்ணி எடுத்தாங்க. நூர்-2, நூர்-3 கட்டும்போது காத்துலயே குளிர வைக்குற முறைக்கு மாறிட்டாங்க. அதுல தண்ணி ரொம்ப மிச்சம். ஆனா செலவு ஜாஸ்தி, அதோட வெயில் கொளுத்துற நேரத்துல, அதாவது நமக்கு கரண்ட் ரொம்ப வேணுங்கற நேரத்துல, உற்பத்தி கொஞ்சம் இறங்கும்.

"மேட்டூர் அனல் மின்நிலையம் தண்ணி குடிக்கலையா"ன்னு கேப்பீங்க. குடிக்குதுங்க. ஆனா அது அணைக்கட்டு ஓரத்துல உக்காந்து குடிக்குது. எங்க ஊரு கதை என்ன தெரியுமா? போர்த்தண்ணியில ஃபுளோரைடு. பல்லு பழுப்பேறுன புள்ளைங்களும், முட்டி வளைஞ்சு நடக்க முடியாத பெருசுங்களும் இருக்குற கிராமங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்க ஆயா பல்லு எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கும் கண்ணு முன்னாடி நிக்குது. அந்தத் தண்ணிக்கு மாத்தா, ஜப்பான் கடன் வாங்கி, 1,900 கோடி ரூபாய்க்கு மேல செலவு பண்ணி, 2013-ல் தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு. குடிக்குற தண்ணிக்கே கடல் கடந்து போய் கடன் வாங்குன மாவட்டம் சாமி இது. இங்க வந்து நீராவி டர்பைன் வைக்கலாம்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்.

சும்மா கெடக்குற கொல்லையில என்ன இருக்கு?

இப்ப புரோக்கர் கதை. அவர் கேட்டது கண்ணாடிக்கு இல்ல, சாதா சோலார் பேனலுக்கு. அதை மறைக்க விரும்பல. யாரு, எந்தக் கம்பெனி அதெல்லாம் இங்க வேணாம். ஆனா பேசுன பேச்சு ரெண்டுக்கும் பொதுதான்.

"ஐயா, இந்த ஆறு ஏக்கர் மானாவாரிதானுங்களே? சும்மாதானே கெடக்குது? 28 வருஷம் லீஸுக்கு விட்டீங்கன்னா நீங்க பாட்டுக்கு கால் மேல கால் போட்டு உக்காந்துக்கலாம்."

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னார்: "தம்பி, நீங்க மாசி மாசம் வந்து பாக்குறீங்க. ஆடியில வந்து பாருங்க."

அவ்ளோதான் சொன்னார். நான் மிச்சத்தைச் சொல்றேன். ஆடியில அந்தக் கொல்லையில கேவுரு வெதைப்பாங்க. ஊடால அவரை, துவரை, ஓரத்துல எள்ளு. மழை ஏமாத்துனா கொள்ளு. அறுப்பு முடிஞ்சா தட்டு மாட்டுக்கு. அதுக்கப்புறம் அந்தக் காய்ஞ்ச நிலத்துல ஊரு ஆடெல்லாம் மேயும். வரப்புல நாலு புளியமரம், அதுல வர்ற காசுதான் அந்த வீட்டுக்கு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கொல்லையை ஒட்டி இருக்குற மேய்க்கால் புறம்போக்குல பட்டா இல்லாதவங்க வீட்டு மாடும் மேயும். ஆலம்பாடி மாடுன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, எங்க பக்கத்து மாடுங்க. பொட்டலும் கரடும் காடும் மேஞ்சு வளர்ந்த இனம் அது. தீவனத்தொட்டியில வளர்த்த இனம் இல்ல.

இதுல நிலம் வச்சிருக்கறவருக்காவது லீஸ் காசு வரும். ஆடு மேய்க்குறவருக்கு? களை எடுக்க வர்ற பொம்பளைங்களுக்கு? அவங்க பேரு எந்த ஒப்பந்தத்துலயும் இருக்காது. அவங்க போற பஸ்ஸு மட்டும் எனக்குத் தெரியும். பெங்களூரு பஸ்ஸு. கட்டட வேலைக்கு. நான் ஏசி ரூம்ல உக்காந்து பொட்டி தட்டுற கட்டடத்தைக் கட்டுனவங்க அவங்களாத்தான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. கண்ணாடி நிலையத்துக்கு நிலம் சமதளமா இருக்கணும். மேடும் பள்ளமுமா இருந்தா ஆகாது. தருமபுரி மாவட்டம் வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், சித்தேரி, வத்தல்மலைன்னு சுத்தி மலை, நடுவுல கரடு, பாறை. அதுல சமதளம் எது? தலைமுறை தலைமுறையா கல்லு பொறுக்கிக் கொட்டி, வரப்பு போட்டு, எங்க பாட்டன் பூட்டன் சமமாக்குன கொல்லைதான் சமதளம்! ஆக, "பொட்டல் காட்டுல போடுவோம்"னு ஆரம்பிக்கும், கடைசியில கேவுரு விளையுற கொல்லையில வந்து நிக்கும்.

"தரிசு"ங்கறதே ஒரு கணக்குப்பிள்ளை வார்த்தைதாங்க. வெள்ளைக்காரன் காலத்துல வரி வராத நிலம் வீண் நிலம். இன்னிக்கு யூனிட் வராத நிலம் வீண் நிலம். ஞாபகம் இருக்கா, காட்டாமணக்கு? 2003-ல் திட்டக்குழு அறிக்கை போட்டு, தரிசு நிலத்துல எல்லாம் காட்டாமணக்கு நட்டா டீசலுக்கு டீசல் ஆச்சு, ஏழைக்கு வேலையும் ஆச்சுன்னு சொன்னாங்க. நம்ம பசங்களும் பக்கம் பக்கமா புகழ்ந்தாங்க. (நானும் ஜால்ரா தட்டினேன், ஹி ஹி.) எங்க ஊர்ல ஒருத்தர் அரை ஏக்கர் நட்டார். காய் வந்துச்சு, வாங்க ஆள் வரல. வெட்டி அடுப்புல வச்சார். தண்ணி இல்லாத இடத்துல தானா காய்க்கும்னு சொன்ன செடி, தண்ணி விட்டாத்தான் காய்ச்சுது. அதே சினிமாவை இப்ப கண்ணாடி போட்டு ரீமேக் பண்ணச் சொல்றாங்க.

நம்ம மாநிலத்துல ராமநாதபுரம் கமுதியில 2016-ல் 648 மெகாவாட் பேனல் நிலையம் வந்துச்சு, 2,500 ஏக்கர்ல. திறந்தப்போ உலகத்துலயே பெரிசுன்னு பெருமை. அங்கயும் முதல்ல சொன்னது "வறண்ட பூமி"ங்கற வார்த்தைதான். கருவேலங்காடா இருந்தாலும் அதுல கரிமூட்டம் போட்டுப் பொழைச்ச சனம் ராமநாதபுரத்துல உண்டுங்கறது நமக்குத் தெரியாததா? அவ்ளோ ஏன், நிஜமான பாலைவனம் ஜெய்சல்மேர்லயே ஒரண்னு சொல்ற கோயில் மேய்ச்சல் காடுகளைக் காப்பாத்த சனங்க போராடிட்டு இருக்காங்க. பாலைவனமும் சும்மா கெடக்கலைங்க!

அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். எதிர்ப்பு மட்டும் எழுதினா "நொட்டை சொல்றான்"னு போயிடுவீங்க. அதனால சொல்றேன்.

1. வெயில்ல இருந்து சூடு எடுத்தா, அதைச் சூடாவே பயன்படுத்துங்க. சூட்டை நீராவியாக்கி, டர்பைன் சுத்தி, மின்சாரமாக்கும்போது பாதிக்கு மேல வீணாப் போயிடுது. அந்த மின்சாரத்துல திரும்ப வெந்நீர் வைக்கறது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வேலை. தருமபுரி பட்டுக்கூட்டுக்குப் பேர் போன ஊரு. கூட்டை வெந்நீர்ல போட்டாத்தான் நூல் எடுக்க முடியும். அதுக்கு இன்னிக்கும் விறகு எரியுது. மாம்பழக்கூழ் ஆலைக்கு நீராவி வேணும். மாணவர் விடுதிகள்ல மூணு வேளை அடுப்பு எரியுது. இங்க எல்லாம் பத்து கண்ணாடி, இருபது கண்ணாடி போதும், ஆயிரம் ஏக்கர் வேணாம்.

2. இது கனவு இல்ல. ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில 15 மீட்டர் குறுக்களவுல ஒரு பெரிய கிண்ணம் கட்டி, அதுல வர்ற நீராவியில சமைச்சாங்க. மேகம் வந்தா டீசல் கொதிகலன் கைகொடுக்கும். திருமலையில 2002-லயே 106 கண்ணாடித் தட்டு வச்சு 15,000 பேருக்கு சமைக்க ஏற்பாடு பண்ணாங்க. சீரடியில 2009-ல் 73 தட்டு. மேகம் வந்தா கூட விறகு, எரிவாயுல சமாளிச்சுக்கலாம், யாரும் திவாலாக மாட்டாங்க.

3. மின்சாரம்தான் வேணும்னா பேனல் போடுங்க. முதல்ல கூரை மேல. பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், சிப்காட் கொட்டகை, பெங்களூரு ரோட்டோர குடோன்... தருமபுரியில சும்மா கெடக்குறது இதுங்கதான்! கிணத்து மேட்டுல, பம்பு செட்டுக்குப் பக்கத்துல. ராத்திரிக்கு பேட்டரி. அதோட விலையும் வருஷா வருஷம் இறங்கிட்டு இருக்கு. உப்புத்தொட்டி செய்யுற வேலையை இப்ப அது செய்யுது.

4. அப்படியும் நிலம்தான் வேணும்னா, கிராம சபையில வச்சுக் கேளுங்க. மேய்க்குறவனையும் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேளுங்க. லீஸ் தொகை மட்டும் இல்லாம விக்குற யூனிட்ல பங்கு குடுங்க. பேனலை ஆள் உசரத்துக்குத் தூக்கி வச்சு அடியில ஆடு மேயட்டும். செலவு கூடத்தான் ஆகும். கூடட்டுமே. எங்க சனத்துக்கு மிச்சம் இருக்குறது அது ஒண்ணுதானே.

ஆடம்ஸும் ஷூமனும் நூறு நூத்தம்பது வருஷம் முன்னாடி கண்ணாடியைத் தூக்கிட்டு வந்தது பம்புக்குப் பக்கத்துலதான். நாம அதை கோபுரமாக்கி, போட்டோவாக்கி, ஃபார்வர்டாக்கி வச்சிருக்கோம்.

முடிச்சுக்கிறேன்

"ஊருக்கு வேலைவாய்ப்பு வருமேப்பா"ன்னு ஒரு குரல் கேக்குது. கட்டும்போது வரும். ரெண்டு வருஷம். வெல்டருக்கும் ஜேசிபிக்கும். அப்புறம் கண்ணாடி கழுவ நாலு பேரும், கேட்டுல நிக்க நாலு பேரும். கேட்டுல நிக்குறவர் ஒரு காலத்துல அந்தக் கொல்லைக்குச் சொந்தக்காரரா இருப்பார். அவ்ளோதான்.

நாட்டுக்கு நிலக்கரி இல்லாத மின்சாரம் வேணும். அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. மழை தப்பிப்போறதை முதல்ல உணர்றவன் மானாவாரிக்காரன்தான். ஆனா அந்தக் கணக்குல எப்பவுமே ஏற்கெனவே காய்ஞ்சவன் பாகத்துலதான் கை வைக்கணுமா? தஞ்சாவூரைப் பார்த்து யாராவது "அறுப்பு முடிஞ்சு ரெண்டு மாசம் சும்மாதானே கெடக்குது"ன்னு சொல்லுவாங்களா?

சித்தப்பா கொல்லையைக் குடுக்கல. போன வருஷம் மழை பரவாயில்ல, ஒரு மூட்டை கேவுரு எங்க வீட்டுக்கும் வந்துச்சு. நாளைக்கு அந்த நண்பருக்கு டிபன் பாக்ஸ்ல களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொண்டு போறேன். "என்ன பாஸ் இது, செமயா இருக்கே"ன்னு கேப்பார். அப்ப சொல்லிக்கிறேன், சும்மா கெடந்த இடத்துல விளைஞ்சதுன்னு.

டிஸ்கி 1: நான் இன்ஜினியர்தான், ஆனா மின்நிலைய இன்ஜினியர் இல்ல. தண்ணிக் கணக்கு நானே போட்டது, பெருக்கிப் பார்த்துக்கலாம். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன்.

டிஸ்கி 2: கண்ணாடிக் கம்பெனிக்காரங்க யாராவது படிச்சா வீட்டுக்கு ஆட்டோ அனுப்பிடாதீங்க. அனுப்பினாலும் பேட்டரி ஆட்டோவா அனுப்புங்க.